மலர்ப் பள்ளத்தாக்கிற்கு ஒரு பயணம்

வானளாவிய மலைகளைக் காண விரும்பாதார் இலர். ஆயினும், விருப்பம் ஒன்றே மலைப் பயணத்திற்குப் போதிய துணையாகாது. சமவெளியில் செல்வோர் செய்யும் பிழையைப் பொருளாலும் பொழுதாலும் ஈடு செய்துவிடலாம். மலையில் செய்யும் பிழைக்கோ உயிரே விலையாதலும் உண்டு. திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அவை அரசர்க்கு உரைக்கப்பட்டனவாயினும், மலைமேற் செல்வார்க்கும் நன்கு பொருந்துவனவாம். இமயமலையிலுள்ள மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவிற்குச் செல்லும் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

இடம் அறிதல்

மலர்ப் பள்ளத்தாக்கு உத்தராகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் 3,000 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் அமைந்துள்ளது. அங்குள்ள இடையர் நெடுங்காலமாக அறிந்திருந்த இவ்விடத்தை, 1931ஆம் ஆண்டில் காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் முதலிய மலையேறிகள் கண்டு வியந்தனர். ஸ்மைத் 1937ஆம் ஆண்டில் மீண்டும் வந்து தங்கி, அம்மலர்களை ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். அதனால் இப்பள்ளத்தாக்கின் புகழ் உலகெங்கும் பரவிற்று. இது 1982ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆயிற்று. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது.

பூங்காவிற்குச் செல்லும் சாலை, ரிஷிகேசத்திலிருந்து ஆற்றங்கரையை ஒட்டி மேலேறுகின்றது. அலகநந்தையும் பாகீரதியும் கலந்து கங்கை என்னும் பெயர் பெறுகின்ற தேவப்பிரயாகை இவ்வழியிலேயே உள்ளது. வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்றாகிய பத்ரிநாதத்திற்குச் செல்லும் சாலையும் இதுவே. ஜோஷிமட் நகரைக் கடந்து கோவிந்தகாட் வரையில் உள்ள தொலைவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். வரைபடத்தை நோக்குவார்க்கு இது சிறு தொலைவாகவே தோன்றும். வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையிலோ இதற்கு ஒரு பகல் முழுதும் வேண்டும். கோவிந்தகாட்டிற்கு அப்பால் புல்னா என்னும் சிற்றூர் வரையில் ஊர்திகள் செல்லும். அங்கிருந்து காங்கரியா என்னும் ஊருக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மலையேறிச் செல்லல் வேண்டும். பள்ளத்தாக்கிற்குச் செல்வோர் தங்குதற்குரிய இடம் காங்கரியாவே. பூங்காவினுள் இரவில் தங்க இசைவில்லை. காலையில் நுழைவுச் சீட்டுப் பெற்றுச் சென்று, மாலைக்குள் திரும்பிவிடல் வேண்டும்.

காலம் அறிதல்

ஆண்டில் பெரும்பகுதி இப்பள்ளத்தாக்குப் பனியால் மூடப்பட்டிருக்கும். சூன் முதல் அக்டோபர் வரையிலேயே பூங்கா திறந்திருக்கும். சூலைத் திங்களின் நடுவிலிருந்து ஆகஸ்டுத் திங்களின் நடுவரையில், நீலக் கசகசா முதலிய பல நிற மலர்கள் எங்கும் நிறைந்து விளங்கும். ஆனால், மழை பெருகிப் பெய்யும் காலமும் அதுவே. மலரைத் தருகின்ற மழையே மண்ணையும் சரிக்கின்றது. பாறைகள் உருண்டு விழுந்து சாலை அடைபடுதலும், சென்றவர் வழியிலேயே இரண்டொரு நாள் தங்க நேர்தலும் அங்கு அரியன அல்ல. 2013ஆம் ஆண்டு சூன் திங்களில் பெருகிய வெள்ளம், கோவிந்தகாட்டிலும் காங்கரியாவுக்குச் செல்லும் வழியிலும் பேரழிவு செய்தது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோஷிமட் நகரின் நிலம் அமிழ்ந்து, நூற்றுக்கணக்கான கட்டடங்கள் வெடிப்புற்றன.

ஆதலின், அறிவுடையோர் தம் திட்டத்தில் இரண்டு மூன்று நாட்களை ஒன்றிற்கும் ஒதுக்காது விட்டுவைப்பர். திரும்புதற்குரிய இரயில் வண்டிக்கு மிக நெருங்கிய நாளில் மலையினின்று இறங்கத் திட்டமிடுவோர், அவசரத்தால் அபாயமான வழியிலும் செல்லத் துணிவர். எஞ்சிய நாட்கள் வீணான நாட்கள் அல்ல. அவை உயிர்க்குக் காப்பாகும்.

வலி அறிதல்

உயரம் மிகுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைந்து செல்லும். 3,000 மீட்டர் உயரத்தில் அவ்வழுத்தம், கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கே ஆகும். எனவே, ஒவ்வொரு மூச்சிலும் உடல் பெறும் உயிர்க்காற்றும் அந்த அளவிற்குக் குறையும். விரைந்து ஏறுவோர்க்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியன தோன்றும். இளமையும் உடல்வலிமையும் இந்நோயைத் தடுப்பன அல்ல. வலிமையுடையோம் என்று விரைந்து ஏறுவோரே பெரும்பாலும் இதற்கு ஆளாவர். ஏறுமுன் ஜோஷிமட்டில் ஓரிரவேனும் தங்குதலும், மெல்ல நடத்தலும், நீர் மிகுதியாகப் பருகுதலும் நன்மை தரும். நோய் முற்றுமாயின், தாழ்ந்த இடத்திற்கு உடனே இறங்குதலே தக்க வழி. காங்கரியாவிலிருந்து, 4,000 மீட்டருக்கும் மேலுள்ள ஹேம்குண்ட் என்னும் சீக்கியர் திருத்தலத்திற்கும் செல்ல விரும்புவோர், முதல் நாளில் பள்ளத்தாக்கையும் மறுநாளில் ஹேம்குண்டையும் காணுதல் நன்று.

கொண்டு செல்லும் பொருள்களும் குறைவாகவே இருத்தல் வேண்டும். கம்பளி உடை, மழையுடை, வழுக்காத காலணி, ஊன்றுகோல், மருந்து, சிறிது உணவு ஆகியவை போதும். நனைந்த பருத்தியாடை உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடுமாதலின், அதனைத் தவிர்த்தல் வேண்டும். குப்பையைத் திரும்பக் கொண்டு வருதலும், மலரைப் பறியாது விடுதலும் ஒவ்வொருவரின் கடமையாகும்.

திரும்பும் துணிவு

பள்ளத்தாக்கினுள்ளே ஒரு கல்லறை உள்ளது. மலர்களைத் திரட்டுதற்கு 1939ஆம் ஆண்டில் வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் ஆங்கில அம்மையார், பாறைச் சரிவில் கால் வழுக்கி வீழ்ந்து உயிர் துறந்தார். அவர் அறியாமையால் வந்தவர் அல்லர். செடிகொடிகளைப் பற்றிய அறிவு மிக்கவர். மலைச்சரிவில் ஓரடி தவறுதலும் பெரிதாகும் என்பதை அக்கல்லறை இன்றும் காண்பவர்க்கு உணர்த்தி நிற்கின்றது.

செல்லும் வழியை எண்ணுதல் போன்றே, எவ்விடத்தில், எந்நிலையில் திரும்புவது என்பதையும் புறப்படுமுன்னரே எண்ணி முடிவு செய்தல் வேண்டும். மழை வலுத்ததெனினும், உடன் வந்தவருள் ஒருவர் தளர்ந்தாரெனினும், தயங்காது திரும்புவோர் தோற்றவர் ஆகார். அடுத்த ஆண்டிலும் பனி உருகும். மலர்கள் மீண்டும் பூக்கும். அவற்றைக் காணுதற்கு உயிரோடு திரும்பி வருவோரே மலைப் பயணத்தில் வென்றவர் ஆவர்.