நடுங்கும் கைகளும் மூளையின் படமும்



1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி தீபமேற்றிய காட்சி உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். உலகையே வென்ற அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. 1984இல் கண்டறியப்பட்ட பார்க்கின்சன் எனும் நடுக்கவாதத்தோடு 2016இல் வபாத்தாகும்வரை அவர் வாழ்ந்தார்.

வீட்டில் மூத்தாப்பாவுக்குக் கை நடுங்கினால் "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். சிலர் சூனியம் என்று அலைகிறார்கள். உண்மை என்ன?

மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிவதே காரணம். நடுக்கத்தோடு உடல் விறைக்கும், நடை சுருங்கும், முகத்தில் சிரிப்பு மறையும். லெவோடோபா குளிசை அக்குறையை ஈடுசெய்கிறது. ஆண்டுகள் செல்ல, அதன் பலன் இடையிடையே அறுந்துபோகும்.

அத்தகைய சிலருக்கு இன்னொரு வழியுண்டு. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனபிட் குழுவினர், மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி மின்தூண்டல் கொடுத்து நடுக்கத்தை அடக்கினர். இன்று கம்பிக்குரிய பற்றரி நெஞ்சுத் தோலின் கீழ் வைக்கப்படுகிறது. இது நோயைக் குணமாக்காது, அடையாளங்களைத் தணிக்கும். எல்லோருக்கும் பொருந்துவதுமில்லை.

மின்சாரத்தின் அளவைத் தீர்மானிப்பதுதான் கடினம். நோயாளி பலமுறை வைத்தியசாலைக்கு ஏறி இறங்க வேண்டும். கனடாவின் டொரொன்டோ ஆய்வாளர்கள் 67 நோயாளரை, மின்தூண்டல் நடக்கும்போதே எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்தனர். அளவு சரியாக இருந்தபோது உடலசைவை ஆளும் பகுதிகளே முக்கியமாக மாறின. தவறியபோது சம்பந்தமில்லாத பகுதிகளும் தூண்டப்பட்டன. படத்தைப் பார்த்தே சரியான அளவைக் கணிக்கலாம் என்று 2021இல் அறிவித்தனர்.

அயலில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலும் இச்சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. செலவோ பெரிது. ஆயினும் நம் கையிலுள்ளவை பல:

நடுக்கமோ நடைத்தளர்வோ கண்டால் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள். குளிசையை நேரந் தவறாது கொடுங்கள். மீன், இறைச்சி நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் சிலருக்கு மருந்தின் பலன் குறையும். நேரத்தை வைத்தியரிடம் கேளுங்கள். நோன்பு காலத்தில் மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தீராத நோயென்றால் பித்யா உண்டு. நின்று தொழ முடியாதவர் இருந்து தொழலாம்.

சகோதரிகளே, பீங்கான் கைநழுவி விழுந்தால் அதட்டாதீர்கள். அந்தக் கை வேண்டுமென்று நடுங்கவில்லை.