‘கோ’வுக்கு மட்டும் ஏன் ‘வென்ட்’?

‘வாக்’ நேற்று நடந்தால் ‘வாக்டு’. ‘ஜம்ப்’ நேற்று நடந்தால் ‘ஜம்ப்டு’. அப்படியானால் ‘கோ’ மட்டும் ஏன் ‘கோடு’ ஆகாமல் ‘வென்ட்’ ஆகிறது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்த சின்னப் பிள்ளைகளும் ‘கோடு’ என்று சொல்வதுண்டு! பெரியவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பிறகு எங்கே கற்றார்கள்?

அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ, 1958இல் வெளியிட்ட ஆய்வுக்காக 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டினார். “இந்த மனிதருக்கு ‘கிளிங்’ செய்யத் தெரியும். நேற்றும் அதையே செய்தார். நேற்று அவர் என்ன செய்தார்?” என்று கேட்டார். ‘கிளிங்’ அவரே உருவாக்கிய கற்பனைச் சொல். பெரும்பாலான பிள்ளைகள் ‘கிளிங்டு’ என்றார்கள். கேட்டே இராத சொல்லுக்கும் விடை வந்தது என்றால், பிள்ளைகள் வெறுமனே ஒப்பிக்கவில்லை, விதியையே பிடித்துவிட்டார்கள். பெரியவர்களில் பலரோ ‘சிங் – சேங்’ நினைவில் ‘கிளேங்’ என்றார்கள்!

சரி, விதிக்கு அடங்காத வினைகள் எப்படித் தப்பின? ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலிருந்து அப்படிப்பட்ட 177 வினைகளை எடுத்தார்கள். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் அவற்றில் 145 அடங்காமல் இருந்தன. இன்று 98தான். முன்பு ‘ஹோல்ப்’ என்றிருந்தது, இப்போது ‘ஹெல்ப்டு’ ஆகிவிட்டது.

எவை தப்பின தெரியுமா? அடிக்கடி பேசப்பட்டவை. நடக்கிற தடத்தில் புல் முளைப்பதில்லை அல்லவா? தினமும் காதில் விழும் வடிவம் மறப்பதில்லை. எப்போதாவது வரும் சொல்லின் பழைய வடிவம் மறந்துபோகும். உடனே விதி வந்து ஒட்டிக்கொள்ளும். வேறொரு வினையைவிட நூறில் ஒரு பங்கே பேசப்படும் வினை, அதைவிடப் பத்து மடங்கு வேகமாக விதிக்குள் வந்துவிடுகிறதாம்.

‘வென்ட்’ கதை இன்னும் வேடிக்கை. அது ‘வெண்டு’ என்ற வேறொரு பழைய வினையின் இறந்த காலம். ‘கோ’ அதைத் தனதாக்கிக்கொண்டது.

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் விதிக்கு அடங்காதவையே. ஆகவே இத்தகைய வினைகளின் நீண்ட பட்டியலை அகரவரிசையில் உருப்போட வேண்டாம். ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எடுங்கள். இறந்த கால வினைகளைக் குறித்து, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். முதலில் நிற்பவற்றை முதலில் படியுங்கள்.