வட்டாரச் சொற்பதிவில் வரியிடைக் குறிப்புக் கருவி: எழுத்தெல்லைச் சிக்கலும் தீர்வும்

முன்னுரை

முதலிபாளையம் போன்ற திருப்பூர் வட்டார ஊர்களின் பின்னலாடைத் தொழிற்சொற்களைத் தொகுக்கும் ஆய்வாளர், பதிவுசெய்த பேச்சை எழுத்துப்படுத்தும்போது 'பனியன்', 'கைமடி', 'ஓவர்லாக்' முதலான சொற்களை வரிக்குள்ளேயே அடையாளப்படுத்த வேண்டியுள்ளது. தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் இதற்குப் போதா. சாய்ந்திருக்கும் சொல் தொழிற்சொல்லா, நூற்பெயரா என்பதைக் கணினி அறியாது. ஆகவே, பொருள் சுட்டும் தனிக்கருவியை இணைய உரைத்தொகுப்பியில் சேர்க்கும் முறையையும், அதில் தமிழ் எழுத்தமைப்பால் எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருவியின் அமைப்பு

திறமூல உரைத்தொகுப்பியான எடிட்டர்.ஜேஎஸ் இத்தகைய கருவிகளைச் சேர்க்க இடந்தருகிறது. அங்குக் கருவியின் பணிகள் நான்கு. முதலாவது, கருவிப்பட்டையில் பொத்தானைக் காட்டுதல். இரண்டாவது, தெரிவுசெய்த பகுதியைக் குறியொட்டுக்குள் அடக்குதலும், மீண்டும் அழுத்தினால் அதை நீக்குதலும். மூன்றாவது, தெரிவுசெய்த பகுதி முன்பே குறிக்கப்பட்டதா எனக் காட்டுதல். நான்காவது, அக்குறியொட்டு ஏற்கத்தக்கது என நிரலில் அறிவித்தல். இந்த நான்காவது பணி விடுபட்டால், திரையில் தோன்றிய குறிப்புகள் சேமிக்கும்போது களையப்பட்டு, வெற்றுரையே எஞ்சும்.

எழுத்தெல்லைச் சிக்கல்

'பனியனில்' என்பது பனியன் + இல் எனப் பிரியும். னகர மெய்யும் இகர உயிரும் புணர்ந்து 'னி' ஆகின்றன. ஒருங்குறியிலோ மெய்யெழுத்துக்குத் தனிக் குறியெண் இல்லை. அகரமேறிய 'ன' அடிப்படையாக நிற்க, அதனோடு புள்ளி சேர்ந்தால் 'ன்', இகரக் குறி சேர்ந்தால் 'னி'. எனவே 'பனியன்' எனத் தேடினால் 'பனியனில்' அகப்படாது. புள்ளியை நீக்கித் தேடி, அகப்பட்ட பகுதியை மட்டும் நிரல்வழிக் குறித்தால், 'பனியன' என்னும் அகர ஈற்று வடிவமே குறியொட்டுக்குள் அடங்கும். இகரக் குறி வெளியே தனித்து நிற்கும். அவ்வாறு தொகுக்கப்படும் சொல்லடைவில் வழக்கில் இல்லாத சொற்கள் இடம்பெறும்.

தீர்வு

தெரிவின் இரு முனைகளும் முழு எழுத்தின் எல்லையில் அமைதல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்டல்.செக்மென்டர் எழுத்தெல்லைகளைக் கணித்துத் தரும். அடுத்து, பகுதியை மட்டும் குறியாமல், 'பனியனில்' என்னும் முழுச்சொல்லையும் குறித்து, அதன் அடிச்சொல்லான 'பனியன்' என்பதைக் குறியொட்டின் பண்பாகப் பதிதல் வேண்டும். அப்பண்பையும் ஏற்புப் பட்டியலில் சேர்த்தல் இன்றியமையாதது.

முடிவுரை

புணர்ச்சியில் சொல்லெல்லை எழுத்துக்குள் மறைவது தமிழின் இயல்பு. அதனைக் குறியொட்டால் பிளக்க இயலாது. பண்பாகப் பதியவே இயலும். பேச்சுவழக்கு மாறாமலும் அடிச்சொல் இழக்கப்படாமலும் தரவு நிலைபெற இம்முறை துணைசெய்யும்.