சரிவில் வாழும் ஊர்: குன்னூர்

மலை நகரம் என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவன குளிர்ந்த காற்றும் பூங்காவும் பனிமூட்டமுமே ஆகும். எலெக்ட்ரானிக் சிட்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பணிபுரியும் தமிழ் மக்கள், விடுமுறை நாட்கள் சேர்ந்து வருமாயின் நீலகிரிக்குப் புறப்படுகின்றனர். அவர்களுள் பலர் உதகமண்டலத்தையே குறியாகக் கொண்டு, குன்னூரைக் கடந்து செல்லும் ஊராகவே கருதுகின்றனர். குன்னூரோ 1866-ஆம் ஆண்டிலேயே நகராட்சியாகிய ஊர். அதன் இயல்பை ஒரு சொல்லில் விளக்க வேண்டுமாயின், அச்சொல் ‘சரிவு’ என்பதே. இவ்வூருக்கு எழிலையும் பிழைப்பையும் தந்தது அச்சரிவு. அவ்வப்போது பெருந்துன்பத்தைத் தந்ததும் அதுவே.

முதலில் நில அமைப்பைக் காண்போம். பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயினும் அங்கு வாழ்வோர் மலைமேல் வாழ்வதாக உணர்வதில்லை. பரந்த பீடபூமியில் நிலம் மெல்ல உயர்ந்து மெல்லத் தாழ்வதே காரணம். நீலகிரியும் ஒரு பீடபூமியே. ஆனால் அது சமவெளியினின்றும் மதில்போல் எழுந்து நிற்பது. அதன் தென்கிழக்கு விளிம்பில், பள்ளத்தாக்கு ஒன்றின் தலைப்பில், ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் குன்னூர் அமைந்துள்ளது. அடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையமோ ஏறக்குறைய 330 மீட்டர் உயரமே உடையது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட செங்குத்தான இறக்கமே நாம் கூறும் சரிவு.

உதகைக்கும் குன்னூருக்கும் இடையே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரமும் அதன் தொடரும் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியை அத்தொடர் தடுத்துவிடுகிறது. ஆகவே, ஜூன், ஜூலை மாதங்களில் கூடலூர் நனைந்து கிடக்கையில் குன்னூரில் மழை ஓரளவே பெய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே இவ்வூருக்குப் பெருமழையைக் கொணர்கிறது.

இம்மலையின் தொல்குடிகள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் முதலியோர். அவர்களோடு பன்னெடுங் காலமாக வாழ்ந்துவரும் படுகரின் மொழி கன்னடத்தோடு நெருங்கிய உறவுடையது. கன்னட நாட்டில் வாழும் தமிழருக்குப் படுகரின் பேச்சில் பல சொற்கள் எளிதில் புலப்படக்கூடும். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்த பின்னரே ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிற்று. 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் வழியே மலைப்பாதை அமைக்கப்பட்டது. பாதை வந்ததும் சிற்றூர் நகரமாயிற்று.

சாலையை வளைத்து வளைத்து ஏற்றிவிடலாம். புகைவண்டியை ஏற்றுவது எங்ஙனம்? வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் ஓரளவு ஏற்றத்திற்கு மேல் வழுக்கிவிடும். இதற்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் ஒரு வழி கண்டார். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரட்டை இரும்புச் சட்டம் பதிக்கப்படுகிறது. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அப்பற்களைக் கவ்வி ஏறுகிறது. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவை அமைந்திருப்பதால், பிடி எக்கணமும் விடுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் உதகை வரை நீண்டது. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பற்சட்டப் பகுதியில் 12.5 மீட்டர் தொலைவுக்கு ஒரு மீட்டர் வீதம் வண்டி ஏறுகிறது. எஞ்சின் பின்னின்று பெட்டிகளைத் தள்ளிச் செல்கிறது. 2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரிவில் நெல் விளையாது. தேயிலை நன்கு விளையும். வேரில் நீர் தேங்காத சரிவான நிலமே அச்செடிக்கு ஏற்றது. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. இங்குத் தமிழர் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர் பலர் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர்களுக்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இன்று ‘டான்டீ’ எனப்படும் அக்கழகத்தின் தலைமையகம் குன்னூரில்தான் உள்ளது. பிழைப்பு நாடி வேற்று மாநிலம் சென்றோர், குன்னூரின் பச்சைச் சரிவுகளில் கொழுந்து பறிப்போரைக் காணும்போது, அங்கும் ஒரு குடிபெயர்ச்சியின் வரலாறு இருப்பதை உணர்தல் வேண்டும்.

காணத்தக்க இடங்களுள் முதன்மையானது 1874-இல் தொடங்கப்பட்ட சிம்ஸ் பூங்கா. இது நிலத்தைச் சமன்செய்து அமைக்கப்பட்டதன்று. பள்ளத்தாக்கின் இயற்கையான இறக்கத்திலேயே மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன. உருத்திராக்க மரத்தையும் இங்குக் காணலாம். மே மாதத்தில் பழக்கண்காட்சி நடைபெறும். பூங்காவின் அருகிலேயே 1907-இல் திறக்கப்பட்ட பாஸ்டர் நிலையம் உள்ளது. அது தோன்றும் முன்னர், வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் வேண்டிய தென்னாட்டார் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி வரை செல்ல வேண்டியிருந்தது. வழியிலேயே நோய் முற்றிவிடுமோ என்னும் அச்சத்தை இந்நிலையம் போக்கியது. ‘டால்ஃபின் மூக்கு’ என்னும் பாறை முனையில் நின்றால், எதிரே கேத்தரின் அருவி வீழ்வதையும், கீழே சமவெளி விரிந்து கிடப்பதையும் காணலாம்.

இனி, சரிவின் மறுபக்கத்தையும் கூறுதல் கடமை. சிதைந்த பாறையாலாகிய தடித்த மண், தொடர்மழையில் நீரை உறிஞ்சிக் கனத்து, பிடியிழந்து வழுக்குகிறது. காட்டு மரங்களின் வேர்கள் அகற்றப்பட்ட இடத்திலும், கட்டடத்திற்காகச் சரிவின் அடி வெட்டப்பட்ட இடத்திலும் இவ்வாபத்து மிகுதி. 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே நேர்ந்த மண்சரிவு சாலையையும் இருப்புப்பாதையையும் சிதைத்து, பல உயிர்களையும் கொண்டது. 2009 நவம்பரில் குன்னூரை அடுத்த கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது; அம்மழைக்காலத்தில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே, செல்லும் காலத்தை ஆய்ந்து செல்லுதல் நன்று. மழை மாதங்களில் மலைரயில் அடிக்கடி நிறுத்தப்படும். ஓசூர், சேலம், கோயம்புத்தூர் வழியே செல்வோர் மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே குன்னூரை அடையலாம். மைசூர் வழியே செல்வோர் உதகையைக் கடந்து இறங்கி வருதல் வேண்டும். அவ்வழியில் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவில் மூடப்படுவதையும் நினைவில் கொள்க. ஊர்திகளின் நெரிசலைக் கருதி, உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் ஊர்திகளுக்கு இ-பாஸ் முறை ஏற்பட்டுள்ளது. இதனை ஒரு தொல்லையென எண்ணுதல் தகாது. சமவெளியில் ஓர் ஊர் தன் எல்லையை விரித்துக்கொண்டே செல்லலாம்; சரிவில் வாழும் ஊர் தாங்கும் சுமைக்கு அளவுண்டு. அவ்வளவை அறிந்து செல்வோரே குன்னூரை உண்மையில் கண்டவராவர்.