அறுந்தாலும் மீண்டும் சேரும் நூல்

குழாயை லேசாகத் திறந்து பாருங்கள். தண்ணீர் கண்ணாடிக் கம்பிபோல் அசையாமல் விழும். இன்னும் கொஞ்சம் திருகினால் அந்தக் கம்பி கலங்கி, சளசளவென்று சிதறும். முதலாவது சீரோட்டம், இரண்டாவது கொந்தளிப்பு ஓட்டம்.

பெரிய குழாய்களில் ஓடுவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். குழாய்ச் சுவரை ஒட்டித் தோன்றும் சின்னஞ்சிறு சுழல்கள் வேகமான நீரைச் சுவர்ப் பக்கம் இழுத்து வருகின்றன. அதனால் உராய்வு கூடுகிறது. பம்புக்கு மின்சாரமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஒரு திரவத்தில் சிறிதளவு பாலிமரைக் கரைத்தால் இந்த உராய்வு குறைவதை 1948இல் டாம்ஸ் என்ற ஆய்வாளர் அறிவித்தார். அலாஸ்காவின் நீண்ட எண்ணெய்க் குழாயில் 1979 முதல் இந்த உத்தி பயன்பட்டது. ஆனால், பாலிமரின் நீண்ட சங்கிலியைப் பம்ப் நறுக்கிவிடும். நறுக்கியது நறுக்கியதுதான். அடுத்த பம்பைத் தாண்டியதும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

இங்குதான் சவர்க்காரக் குடும்பம் வருகிறது. ‘பரப்புச் செயலி’ எனப்படும் இந்த மூலக்கூறுகளின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. ஆகவே வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு அவை கூட்டமாகச் சேரும். அந்தக் கூட்டத்தின் பெயர் மைசெல். சாதாரணமாக அது ஓர் உருண்டை. சோடியம் சாலிசிலேட் போன்ற ஏற்ற உப்பைச் சேர்த்தால், சில வகைகளில் உருண்டை நீண்டு புழுபோன்ற நூலாகிவிடும். தடிமன் சில நானோமீட்டர்தான். (உங்கள் ஷாம்பு கெட்டியாக இருப்பதற்கும் பெரும்பாலும் இத்தகைய நூல்களே காரணம். புட்டியின் பின்பக்கம் சோடியம் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள்!)

ஓட்டத்தில் இழுபடும் இந்த நூல்கள் சுழல்களை அடக்குகின்றன. சூழல் ஒத்துவந்தால் உராய்வு 70 விழுக்காடுகூடக் குறையும். பம்பில் நூல்கள் அறுந்தாலும் கவலையில்லை. மூலக்கூறுகள் தாமாகவே கூடியவைதானே? மறுபடியும் கூடிக்கொள்கின்றன.

டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில் வீடுகளுக்கு வெந்நீர் கொண்டுசெல்லும் குழாய்களிலும், ஜப்பானில் சப்போரோ நகர மண்டபத்தின் குளிரூட்டு அமைப்பிலும் இதைச் சோதித்தார்கள். இரண்டுமே ஒரே நீர் சுற்றிச் சுற்றி வரும் மூடிய அமைப்புகள். அது முக்கியம். இதற்குப் பயன்படும் பல பரப்புச் செயலிகள் மீன்களுக்கு நஞ்சு. ஆற்றிலோ குடிநீரிலோ கலக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதுதான் பெரியது. வெந்நீரின் சூட்டைக் குழாய்ச் சுவருக்குக் கொண்டுசேர்ப்பவையும் அதே சுழல்கள்தான். அவற்றை அடக்கினால் பம்புக்கு லாபம். ஆனால் வெப்பம் நீரிலேயே தங்கிவிடும். வீட்டைச் சூடாக்காத வெந்நீரை மலிவாக அனுப்பி என்ன பயன்?

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. வெப்பம் கைமாறும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வலையைப் பொருத்தி, நூல்களை வேண்டுமென்றே அறுத்துவிடுகிறார்கள். சுழல்கள் திரும்பி வந்து வெப்பத்தைக் கடத்துகின்றன. அந்த இடத்தைக் கடந்ததும் நூல்கள் மீண்டும் சேர்கின்றன. வலையில் நீரைத் தள்ளவும் ஆற்றல் வேண்டும் என்பதால், மிச்சப்படுத்தியதை வலையே விழுங்கிவிடாதபடி அதை வடிவமைப்பதுதான் இப்போது அவர்களுக்குள்ள வேலை.