கம்பியா, கம்பியில்லாததா?

கைப்பேசியிலேயே விளக்கு, விசிறி, கேமரா எல்லாவற்றையும் இயக்கும் ஏற்பாடு நம் வணிகர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. வில்லாபுரத்தில் எனக்குக் கீழே கிட்டங்கி, மேலே வீடு. கம்பி இழுக்கும் செலவு மிச்சம் என்று நான்கு வைஃபை கேமரா மாட்டினேன். அரிசி மூட்டைகளைக் கூரைவரை அடுக்கியதும் பின்பக்கக் கேமரா அடங்கிவிட்டது. ஒரு நாள் துவரம்பருப்பில் இரண்டு மூட்டை குறைந்தது. பார்த்தால் அந்த இரவின் பதிவே இல்லை!

வைஃபை என்பது வானொலி அலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், தாண்டுவது குறைவு. இரும்பு ஷட்டர் அலையைத் திருப்பிவிடும். தானியத்திலுள்ள ஈரம் உறிஞ்சிவிடும்.

இப்போது கேமராக்களுக்கு கேட்-6 கம்பி இழுத்துவிட்டேன். 100 மீட்டர் வரை தாங்கும். பி.ஓ.இ. சுவிட்ச் வைத்தால் கேமராவுக்கு மின்சாரமும் அதே கம்பியில் போகும். சுவிட்ச், மோடம், பதிவுப் பெட்டி மூன்றையும் யு.பி.எஸ்.ஸில் இணைத்தால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது.

வணிக நண்பர்களே, கம்பி வாங்கும்போது கவனம் தேவை. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் மலிவாக வருகிறது. நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கிற நமக்கு இது பெரிய வித்தையா?

மாடியில் விளக்குக்கும் விசிறிக்கும் வைஃபையையே விட்டுவிட்டேன். அவற்றுக்குப் போகும் தகவல் சொற்பம். அலை நின்றாலும் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டிக்கொள்ளலாம்.