மூணு செகண்ட் ராஜா!

சனிக்கிழமை காலை, மணி 5.40. கோவளம் கடற்கரை. ஊரே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில் நானும் என் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரும் குப்புறப் படுத்து நீச்சல் அடித்துக்கொண்டிருந்தோம். தண்ணீரில் இல்லை ஸார்... மணலில்!

வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் நின்று, 'பாவம், எந்த ஆஸ்பத்திரி?' என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

எல்லாம் ஆபீஸில் நடந்த மெடிக்கல் செக்கப்பால் வந்த வினை. எனக்கு வயசு 31. பி.பி. 150/100. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தினம் எத்தனை சிகரெட்?" என்றார்.

"அஞ்சாறு ஸார்..."

"உண்மையச் சொல்லுங்க."

"பதினஞ்சு."

அன்றைக்கே விட்டேன். சிகரெட்டை விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்... வாய்கூடக் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். கை அடங்காது! பேனாவைச் சுழற்றும், சாவிக்கொத்தை ஆட்டும், பக்கத்து சீட்காரரின் ஸ்டேப்ளரைக் கடன் வாங்கி உடைக்கும். என் அவஸ்தையைப் பார்த்த மனைவி, அலமாரியிலிருந்து ஒரு குரோஷா ஊசியையும் நூல்கண்டையும் எடுத்துக் கையில் திணித்தாள்.

"நானா? பின்னலா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு நீங்கதானே புலம்பினீங்க?"

நாலு மாசத்தில் செல்போன் உறை மூன்று, டேபிள் விரிப்பு ஐந்து. இப்போது ஒரு மப்ளர் பாதியில் நிற்கிறது. சென்னையில் மப்ளர் எதற்கு என்று கேட்காதீர்கள். பின்னுகிறவனுக்குக் குளிர் முக்கியமில்லை, நீளம்தான் முக்கியம்! ஆபீஸில் ஒரு பயலுக்கும் இது தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும் என்று டப்பர்வேர் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன்.

இன்னொரு ரகசியமும் இருந்தது. போன வாரம் ஒரு ராத்திரி, ஆபீஸ் மொட்டை மாடியில், ஒன்றே ஒன்று பிடித்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. 'நாலு மாசமும் போச்சு' என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் வீக் எண்டுக்குக் கோவளம் புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். பரம்பரையாக மீன் பிடிக்கிற ஊர். உடைந்த கட்டுமரத் துண்டுகளிலேயே அலைமேல் சறுக்கி விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கடற்கரைகளில் உண்டு. இந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் இங்கே ஸர்ஃபிங் பள்ளி தொடங்கினார். பக்கத்து மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்ட்டில் ஆசிய ஸர்ஃபிங் போட்டியே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் மெடல்.

எங்களுக்கு வாய்த்த மாஸ்டருக்கு 22 வயசு இருக்கும். "முதல்ல கரையிலதாண்ணா பாடம்" என்று பலகைகளைப் படுக்கப் போட்டார். பழகுகிறவர்களுக்கு எட்டு, ஒன்பது அடி நீளப் பலகை. மேலே மெத்தென்று ஃபோம். மண்டையில் இடித்தால் வலிக்கும், உடையாது!

எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே என்பதைக் கண்டுபிடிக்க ஒரு டெக்னிக். நாம் அசந்திருக்கும்போது பின்னாலிருந்து முதுகில் ஒரு தள்ளு. தடுமாறி எந்தக் காலை முன்னே வைக்கிறோமோ, பெரும்பாலும் பலகையிலும் அதுதான் முன்கால். பின்கால் கணுக்காலில் ஒரு கயிறு. மறுமுனை பலகையில். நாம் விழுந்தாலும் பலகை ஓடிப்போகாது.

பிறகு பாடம். குப்புறப் படு. கையால் துழாவு. அலை பின்னாலிருந்து தூக்கும்போது உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே துள்ளலில் எழு. முழங்காலை மடக்கு. கரையைப் பார்.

"காலைப் பார்த்தா கடல்லதாண்ணா இருப்பீங்க!"

மணலில் பத்து தடவையும் பிரமாதமாக எழுந்தேன். தண்ணீரில்? முதல் அலை... தொபுக்கடீர்! இரண்டாவது... மூக்கு வழியாக வங்காள விரிகுடா! ஏழாவது அலையில் அரை ஷார்ட்ஸ் கழன்றது. எட்டாவதில் நான் மட்டும் கரை வந்து சேர்ந்தேன், மானம் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை இட்லி மாவாகப் புளித்துவிட்டது.

காலை டிபனுக்குக் கரையேறினோம். அப்போதுதான் அந்த விபத்து. துண்டு தேடிய சேல்ஸ் நண்பர் என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டப்பா திறந்துகொண்டது. நீல நூல்கண்டு மணலில் உருண்டு ஓட, பின்னாலேயே அரை மப்ளர் வாலாட்டிக்கொண்டு போனது.

"மச்சி... எத்தனாவது மாசம்?" என்றார் அக்கவுன்ட்ஸ் நண்பர். கடற்கரையே அதிர்கிற சிரிப்பு!

நான் சும்மா விடவில்லை. "டேய், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தெரியுமா? 2021-ல நடந்துச்சே. ஸர்ஃபிங்கை முதல் முதலா அதுலதான் சேர்த்தாங்க. அதே ஒலிம்பிக்ஸ்ல டைவிங்ல தங்கம் ஜெயிச்ச டாம் டேலி, காலரியில உட்கார்ந்து ஸ்வெட்டர்தான் பின்னிட்டிருந்தான். மெடலுக்கே பை பின்னிட்டான். பெரு நாட்டுல டக்கீலே தீவுன்னு ஒண்ணு இருக்கு. அங்க தொப்பி பின்றது ஆம்பளைங்க வேலை!"

"அது சரி... நீ எப்ப தங்கம் ஜெயிக்கப் போற?"

மறுபடி சிரிப்பு. சேல்ஸ் நண்பர் சமாதானத்துக்கு ஒரு சிகரெட்டை நீட்டினார். "கோச்சுக்காத மச்சி. இன்னிக்கு ஒண்ணு மட்டும்."

என் கை பாதி தூரம் போய்விட்டது ஸார். 'எப்படியும் போன வாரமே கெட்டாச்சு, இனிமே என்ன?' என்று உள்ளே ஒரு குரல். நூல்கண்டை எடுக்கிற சாக்கில் எழுந்து நடந்தேன்.

கண்டு போய் நின்ற இடம், படகு நிழலில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் காலடி. மப்ளரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை!

"நீ போட்டதா தம்பி? சீரா வந்திருக்கே. ஆனா இதுல முடிச்சே காணமே?"

"முடிச்சு கிடையாது பெரியவரே. வளையத்துக்குள்ள வளையம். ஊசியில ஒரே ஒரு வளையம்தான் நிக்கும். அத விட்டுட்டு நூலை இழுத்தா மொத்தமும் பிரிஞ்சிடும்."

"அடடா! எங்களுது அப்படி இல்ல" என்று வலையை விரித்துக் காட்டினார். நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசி அவர் விரல்களில் மீன்குஞ்சாகத் துள்ளியது. "கண்ணிக்குக் கண்ணி முடிச்சு. பாறையில மாட்டி ஒரு எடம் அறுந்தா அந்த எடத்தோட நிக்கும். மிச்ச வலை அது பாட்டுக்கு மீன் புடிக்கும். கரைக்கு வந்து அறுந்ததை மட்டும் போட்டுக்குவோம். ஒரு கண்ணி போச்சுன்னு வலையவா தூக்கிப் போடுவாங்க?"

அவர் வலையைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கோ பட்டது.

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து அந்த முடிச்சைக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்தபோது சிகரெட் நண்பர் வாயில் கரைந்திருந்தது.

ஞாயிறு காலை. நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற விடியல் காற்றில் அலைகள் வழவழவென்று வந்தன. வெயில் ஏறி கடல்காற்று திரும்பிவிட்டால் தண்ணீர் கலைந்துவிடுமாம். அதனால்தான் இந்த விளையாட்டுக்கு விடியற்காலை!

"வருதுண்ணா... துழாவுங்க... எழுந்திரிங்க!"

எழுந்தேன். கரையைப் பார்த்தேன். ஒன்று... இரண்டு... மூன்று! தொபுக்கடீர்! ஆனால் அந்த மூன்று செகண்டும் நான் ராஜா ஸார். கரையில் மூன்று பயல்களும் கை தட்டினார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: நீச்சல் தெரிந்தாலும் பயிற்சியாளர் இல்லாமல் இறங்காதீர்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். பலகையை விடாமல், கையைத் தூக்கிக் காட்டி உதவி கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் முரடு, பழகுகிறவர்களுக்குத் தோதில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாம் சொன்னேன். மூன்று செகண்ட், பெரியவர், முடிச்சு... கடைசியில் எச்சிலை விழுங்கிக்கொண்டு, மொட்டை மாடி சமாச்சாரத்தையும்.

அவள் தலை நிமிரவில்லை. "தெரியும். அந்தச் சட்டையைத் துவைச்சது யாராம்?"

"ஏன் கேட்கலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னுதான்" என்றாள். பிறகு டப்பாவைத் திறந்து, மணலை உதறிவிட்டு மப்ளரை என் மடியில் போட்டாள்.

"இன்னும் 40 வரிசை பாக்கி இருக்கு. உட்காருங்க."